என்ஜின் ஆயில் ஆவியாகிப் போகிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டீசல் பிக்கப் வைத்து ஓசூர், பெங்களூர் பக்கம் தக்காளி லோடு அடிக்கிறவர். ஆயில் மாற்றி 5,000 கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஒரு லிட்டர் போல மேலே ஊற்ற வேண்டி வருகிறதாம். பட்டறையில் "ஆயில் ஆவியாகிப் போகுதுங்க, வேற ஆயில் ஊத்துங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். வீடியோ ஒன்றில் இரண்டு வாணலியில் இரண்டு ஆயிலைக் காய்ச்சி, எது அதிகம் புகைகிறதோ அது மட்டம் என்று காட்டுகிறார்களாம். அதே மாதிரி வீட்டில் செய்து பார்த்து ஆயிலைத் தேர்ந்தெடுக்கலாமா என்பது அவர் கேள்வி.

தம்பி, செய்து பார்க்கலாம். ஆனால் வாணலியில் வேண்டாம், வீட்டுக்குள் கண்டிப்பாக வேண்டாம், புகையை வைத்து முடிவு கட்டவே வேண்டாம். இது தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டிய விஷயம். லூப்ரிகன்ட் கலக்கும் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் பல வருடம் இதே சோதனையைச் செய்துவிட்டு, இப்போது கிருஷ்ணகிரியில் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் ஆயில் எப்படி ஆவியாகிறது என்று பார்த்துவிடுவோம். தண்ணீர் ஒரே பொருள், அதற்கு ஒரே கொதிநிலை. ஆயில் அப்படி இல்லை. சின்னதும் பெரியதுமாகப் பல மூலக்கூறுகள் கலந்த கூட்டம் அது. சூடு ஏற ஏற, இலேசானவை முதலில் கிளம்பும், கனமானவை தங்கிவிடும். களத்தில் கேழ்வரகு தூற்றும்போது உமி பறந்து போய் மணி மட்டும் காலடியில் விழுகிறதே, அதே கதைதான். அதனால் ஆவியாவதில் அளவு குறைவது ஒரு நஷ்டம், மிஞ்சியது தடித்துப்போவது இன்னொரு நஷ்டம். என்ஜினுக்கு அடியில் கிடக்கும் ஆயில் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் பிஸ்டன் ரிங் பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் 200 டிகிரியைத் தாண்டும். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் பேரிங்கில் சூடு இன்னும் கடுமை. அங்கே கிளம்பும் ஆவி, என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாகக் காற்று உள்ளே போகும் பாதைக்கே திரும்பும். இஜிஆர், அதாவது எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு, அதன் வழியாக வரும் கரியோடு அது சேர்ந்தால் தார் மாதிரி உள்ளே அப்பிக்கொள்ளும். டீசல் வண்டியின் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிச் சுத்தம் செய்தவர்களுக்கு அந்தக் கறுப்புப் பிசின் நன்றாகத் தெரியும்.

இதை அளக்கும் சோதனைக்கு நோவாக் சோதனை என்று பெயர். 1930-களில் ஜெர்மனியில் குர்ட் நோவாக் என்பவர் உருவாக்கியது. 65 கிராம் ஆயிலை மூடியுள்ள ஓர் உலோகக் கிண்ணத்தில் எடுத்து, 250 டிகிரியில், சரியாக ஒரு மணி நேரம் வைப்பார்கள். அந்த நேரம் முழுக்க, குழாயில் தண்ணீரை 20 மில்லிமீட்டர் உயரத்துக்கு மட்டும் இழுக்கும் அளவுக்கான மெல்லிய உறிஞ்சலில் கிண்ணத்துக்குள் காற்று போய் ஆவியை இழுத்து வந்துகொண்டே இருக்கும். முடிவில் எவ்வளவு எடை குறைந்தது என்பதைச் சதவீதத்தில் சொல்வார்கள். ஆயில் கம்பெனியின் விவரத்தாளில் ஏஎஸ்டிஎம் டி5800 என்று சோதனை எண் போட்டிருப்பது இதுதான். ஏபிஐ என்ற அமெரிக்க அமைப்பின் எஸ்பி தரம் உள்ள பெட்ரோல் என்ஜின் ஆயில் 15 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது. அதே அமைப்பின் சிகே-4 டீசல் ஆயிலுக்கும், ஐரோப்பிய ஏசிஇஏ தரங்களில் பெரும்பாலானவற்றுக்கும் வரம்பு 13.

இந்த எண்ணை வைத்தே பட்டறைக்காரர் சொன்னதைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். உங்கள் வண்டிக்கு ஆறு லிட்டர் ஆயில் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு லிட்டர் போனால் ஆறில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 17 சதவீதம். ஆய்வகத்தில் மொத்த ஆயிலையும் 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வாட்டியே 13 சதவீதத்துக்குள் நிற்க வேண்டிய பொருள் அது. உங்கள் ஆயில் முழுவதும் ஒரே நேரத்தில் 250 டிகிரியைப் பார்ப்பதே இல்லை. இலேசான பங்கு ஒரு தடவை பறந்துவிட்டால், மிச்சம் அவ்வளவு சுலபமாகப் பறக்காது. ஆகவே ஆவியாதல் மட்டும்தான் காரணம் என்பதை என் மனசு ஏற்கவில்லை. தரமான ஆயில்தான் ஊற்றியிருக்கிறீர்கள் என்றால் வேறு வழியிலும் போகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது வாணலி. 250 டிகிரி என்றால் எவ்வளவு சூடு? ரசம் வைக்கிற ஈயச்சொம்பை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ரசமோ தண்ணீரோ இல்லாமல் அடுப்பில் வைத்துவிட்டால் அது உருகி ஓடிவிடும் என்று வீட்டுப் பெண்கள் எச்சரிப்பார்கள். அந்த வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில். நோவாக் சோதனையின் சூடு அதையும் தாண்டியது. ஃபிளாஷ் பாயின்ட் என்று ஒன்று இருக்கிறது. ஆயிலின் மேல் நிற்கும் ஆவி, பக்கத்தில் நெருப்பு இருந்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும் சூட்டுநிலை அது. பெரும்பாலான என்ஜின் ஆயில்களுக்கு இது 200-லிருந்து 240 டிகிரிக்குள் வரும். அதாவது 250 டிகிரிக்குத் திறந்த வாணலியில் காய்ச்சினால், பற்றிக்கொள்ளும் எல்லையைத் தாண்டித்தான் நிற்கிறீர்கள். ஆய்வகத்தில் கிண்ணம் மூடியிருக்கும், சுடர் கிடையாது, ஆவி குழாய் வழியாக வெளியேறும். கேஸ் அடுப்பில் இதில் ஒன்றுமே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இந்தத் தப்பைச் செய்தேன். வீட்டுக்குப் பின்னால் பம்ப் ஸ்டவ்வில் வடைச்சட்டியை வைத்து 20டபிள்யூ-40 கிரேடு (ஆயிலின் தடிமனைக் குறிக்கும் எண்) ஆயிலைக் காய்ச்சினேன். முதலில் ஓரத்தில் நூல் போலப் புகை வந்தது. பிறகு மேற்பரப்பு முழுக்க வெள்ளையாகப் பாலாடை மாதிரி ஒரு படலம் நின்றது. காற்று திரும்பியதும் அந்தப் படலம் சட்டி விளிம்பைத் தாண்டி ஸ்டவ் பக்கம் வழிந்தது. அடுத்த கணம் நீல நிறச் சுடர் கீழிருந்து மேலே ஏறி சட்டி முழுக்கப் பற்றிவிட்டது. இரும்பு மூடி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் மூடி அணைத்தேன். தண்ணீர் ஊற்றியிருந்தால் கொதிக்கும் ஆயில் நாலாபக்கமும் தெறித்திருக்கும். அன்றிலிருந்து சுடரும் ஆயிலும் ஒரே இடத்தில் இருக்க நான் விடுவதில்லை. நீங்களும் விட வேண்டாம்.

ஓடிஜி அவனில் வைத்தால் பத்திரம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். மூடிய பெட்டிக்குள் ஆவி சேரும், உள்ளேயே கம்பி சிவக்கச் சிவக்க எரியும். அதுவும் ஆகாது. போதாக்குறைக்கு அந்த அவனில் பிறகு எதையும் சமைத்துச் சாப்பிட முடியாது.

சரி, எப்படிச் செய்வது? சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். 175 டிகிரி, நான்கு மணி நேரம். சுருள் கம்பி வெளியே சிவந்து தெரியும் ஹீட்டர் வேண்டாம், மேலே இரும்புத் தட்டு மூடிய மின்சார அடுப்பு வேண்டும். அதன்மேல் பழைய தோசைக்கல் அல்லது இரும்புத் தட்டு, தட்டில் இரண்டு விரல்கடை உயரத்துக்குச் சலித்த ஆற்றுமணல். மணல் சூட்டைப் பரப்பிக் கொடுக்கும். ஒரே அளவில், தட்டையான அடியோடு வாங்கிய சின்ன எவர்சில்வர் சட்னிக் கிண்ணங்களை அந்த மணலில் பாதி புதையும்படி வையுங்கள். எல்லாம் ஒரே கடையில், ஒரே அடுக்கிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். வாய் அகலம் மாறினால் ஆவி போகும் பரப்பு மாறும், அப்புறம் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

தராசு 0.01 கிராம் காட்ட வேண்டும். நகைக்கடைக்காரர்கள் கையில் வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது, இங்கே நாம் தேடும் வித்தியாசமே ஒரு கிராமுக்குள்தான். கிண்ணம் 38.20 கிராம், ஆயிலோடு 48.20 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரம் கழித்து 47.55 காட்டினால் 0.65 கிராம் போயிருக்கிறது. பத்து கிராமில் 0.65, அதாவது 6.5 சதவீதம். சூடான கிண்ணத்தைத் தராசில் வைக்காதீர்கள். அதைச் சுற்றி எழும் வெப்பக்காற்றே எண்ணை ஆட்டிவிடும். ஒரு டப்பாவில் மூடி வைத்து அரை மணி நேரம் ஆறவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு நிறுங்கள்.

சூட்டை அளப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளப்பான பாத்திரத்தின் மேல் காட்டினால், இருக்கும் சூட்டைவிட மிகக் குறைவாகக் காட்டும். அதை நம்பி மேலும் சூடேற்றினால் ஆபத்து. மல்ட்டிமீட்டரோடு வரும் தெர்மோகப்பிள் கம்பி நல்லது. ஆனால் அதை நிறுக்கப்போகும் கிண்ணத்தில் முக்கக் கூடாது, கம்பியோடு ஆயில் ஒட்டிக்கொண்டு வந்து எடை கெட்டுவிடும். ஒரு கிண்ணம் கூடுதலாக வைத்து, அதே அளவு ஆயில் ஊற்றி, கம்பியை அதில் மட்டும் விடுங்கள். மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று முன்னாடியே கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். நம்ம ஊர் மேட்டு நிலம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தண்ணீர் 98 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும், ஓசூரில் 97. அங்கே 100 காட்டினால் உங்கள் மீட்டர் இரண்டு மூன்று டிகிரி கூட்டிச் சொல்கிறது என்று அர்த்தம்.

மேல் சூட்டுக்கு ஒரு காவலாளி வைக்கலாம். ரேடியோ பழுது பார்க்கிறவர்களிடம் 63/37 சால்டர் கம்பி கிடைக்கும். 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். அது சரியாக 183 டிகிரியில் உருகும். அரை அங்குலத் துண்டு ஒன்றை ஒரு காலிக் கிண்ணத்தில் போட்டு மற்றவற்றோடு மணலில் புதைத்துவிடுங்கள். கம்பி கம்பியாகவே இருந்தால் எல்லை தாண்டவில்லை. உருண்டு வெள்ளிமுத்தாகிவிட்டால் சூடு 183-ஐத் தாண்டிவிட்டது, அடுப்பை அணைத்துவிட வேண்டும். காலிக் கிண்ணம் ஆயில் கிண்ணத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சூடேறும், அதனால் இந்தக் காவலாளி சற்று முன்கூட்டியே கூவினாலும் நமக்கு நல்லதுதான். காரீயம் இருப்பதால் அந்தக் கிண்ணத்தைப் பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள். ஆயில் வைத்த கிண்ணங்களையும்தான்.

எல்லாவற்றையும் வெட்டவெளியில், கூரைக்கும் வைக்கோல் போருக்கும் தள்ளி வையுங்கள். மூன்று பக்கமும் தகரம் நிறுத்தி மறையுங்கள். ஆடி மாதத்தில் இந்தச் சோதனையே வேண்டாம். நம்ம பக்கம் அடிக்கும் ஆடிக்காற்றுக்கு எந்தத் தகரமும் நிற்காது, காற்று முகத்தில் இருக்கும் கிண்ணம் மற்றதைவிட அதிகம் இழக்கும். மற்ற மாதங்களிலும் அரை மணிக்கு ஒரு தடவை கிண்ணங்களை இடுக்கியால் இடம் மாற்றுங்கள். காற்று வரும் பக்கமாக நீங்கள் நில்லுங்கள், அந்தப் புகையை மூச்சில் ஏற்றக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணலும் ஓர் இரும்பு மூடியும் இருக்கட்டும். நான்கு மணி நேரமும் ஓர் ஆள் அங்கேயே இருக்க வேண்டும். போன் வந்தது, டீ குடிக்கப் போனேன் என்பதெல்லாம் கூடாது.

ஒவ்வொரு ஆயிலுக்கும் மூன்று கிண்ணம் வையுங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒரே ஆயிலின் மூன்று கிண்ணங்கள் 6.1, 6.5, 6.4 என்று வந்தால் உங்கள் கை நேராக இருக்கிறது. 4.8, 7.9, 6.0 என்று சிதறினால் அன்றைய சோதனையைக் குப்பையில் போடுங்கள். ஒரே ஆயிலுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது இரண்டு ஆயிலுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும்? வீடியோக்களில் ஒரு வாணலி, ஒரு தடவை, ஒரு முடிவு. எனக்கு அதுதான் கோபம். அதை நம்பி ஆயிரக்கணக்கில் கொடுத்து ஆயில் வாங்குகிறார்கள்.

இன்னொரு முக்கியமான வேலை. நோவாக் எண் தாளில் போட்டிருக்கும் ஓர் ஆயிலை ஒப்பீட்டுக்குச் சேர்த்து வையுங்கள். கம்பெனிகள் இணையத்தில் போடும் டெக்னிக்கல் டேட்டா ஷீட்டில் சிலவற்றுக்கு அந்த எண் இருக்கும். அதே கிரேடாக இருப்பது நல்லது. உங்கள் ஆயில் அதைவிட அதிகம் இழக்கிறதா, குறைவாகவா என்று மட்டும் பாருங்கள். அதன் எண் 10, என்னுடையது ஒன்றரை மடங்கு போயிருக்கிறது, ஆகவே என்னுடையது 15 என்று கணக்குப் போடாதீர்கள். 175 டிகிரியில் பறக்கும் பங்கும் 250 டிகிரியில் பறக்கும் பங்கும் ஒன்று இல்லை. அதோடு நான்கு மணி நேரம் காற்றுபடக் காய்ந்ததில் ஆயில் ஆக்சிஜனோடும் சேர்ந்து மாறியிருக்கும். வரிசை கிடைக்கும், எண் கிடைக்காது. ஆயில் வாங்க வரிசையே போதும்.

முதல் மணி நேரம் முடிந்ததும் ஒரு தடவை எடை பார்த்துவிட்டு, மறுபடி வைத்து நான்காவது மணியில் இன்னொரு தடவை நிறுங்கள். இதில்தான் எனக்குப் பிடித்த விஷயம் தெரியவரும். மொத்த இழப்பில் பெரும்பகுதி முதல் மணியிலேயே போய்விட்டால், அந்த ஆயிலில் மெலிந்த சரக்கு ஏதோ கலந்திருக்கிறது. சீல் இல்லாத டிரம்மிலிருந்து லிட்டர் கணக்கில் அளந்து கொடுக்கும் ஆயிலில் இதைப் பார்க்கலாம். சரியாகச் சுத்திகரிக்காத பழைய ஆயிலில் டீசலின் மிச்சம் இருக்கும், அது முதலில் ஓடிவிடும். தண்ணீர் இருந்தால் 100 டிகிரியைத் தாண்டும்போதே சடசடவென்று பொரியும். கடுகு தாளிக்கும் சத்தம் மாதிரி. அந்த ஆயிலோடு சோதனையை நிறுத்திக்கொள்ளுங்கள், தெறிக்கும். வண்டியிலிருந்து வடித்த ஆயிலை இந்தச் சோதனைக்கு எடுக்காததற்கும் இதுவே காரணம். அதில் குறையும் எடை டீசலா, தண்ணீரா, ஆயிலா என்று பிரிக்க வழியில்லை.

புகையை ஏன் நம்பக் கூடாது என்றால், புகை என்று நாம் பார்ப்பது ஆவி குளிர்ந்து உண்டான நுண்ணிய துளிகள். காலை வெயிலில் எதிர்வெளிச்சத்தில் பார்த்தால் அடர்த்தியாகத் தெரியும், நடுப்பகலில் தெரியவே தெரியாது. தராசு வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை.

கடைசியில் கிண்ணத்தைச் சாய்த்து அடியைப் பாருங்கள். ஆயில் நழுவி ஓடியபின் அடி பளிச்சென்று தெரிகிறதா, அல்லது பனைவெல்லப் பாகு காய்ந்த மாதிரி பழுப்பாக ஒட்டியிருக்கிறதா? அந்தப் பூச்சுதான் பிஸ்டன் ரிங்கின் பள்ளத்தில் சேர்ந்து ரிங்கைப் பிடித்துக்கொள்வது. இரண்டு ஆயில் எடையில் சமமாக வந்தால் நான் அடி சுத்தமாக இருப்பதைத்தான் எடுப்பேன். சோதித்த ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாமல் பட்டறையின் கழிவு ஆயில் டிரம்மில் சேர்த்துவிடுங்கள்.

இனி உங்கள் வண்டி. ஆயிலை மாற்றுவதற்கு முன்னால் நான் கீழே படுத்துப் பார்ப்பேன். நம்ம ஊர்ச் செம்மண் புழுதி ஒரு வகையில் உதவி. ஆயில் கசிகிற இடத்தில் அது ஒட்டி, களி மாதிரி கெட்டியாக அப்பியிருக்கும். சம்ப் (ஆயில் தேங்கும் அடித்தொட்டி) கேஸ்கட், என்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடம், டர்போவுக்குப் போகும் ஆயில் குழாய், இந்த மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். அடுத்து, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றுங்கள். உள்ளே மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது சகஜம். சாய்த்தால் ஓடி வரும் அளவுக்குத் தேங்கியிருந்தால் டர்போ சீல் அல்லது பிரீதரைச் சந்தேகப்பட வேண்டும். என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப் குப்பென்று புகை தள்ளுகிறதா என்றும் பாருங்கள். தள்ளினால் ரிங் தேய்ந்து, சிலிண்டரில் எரிந்த வாயு கீழே இறங்குகிறது. பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூர் ஏறும்போது முழு லோடில் பின்னால் நீலப்புகை வருகிறதா என்று பின்னால் வரும் வண்டிக்காரரிடம் கேட்டு வையுங்கள்.

அடுத்த தடவை ஆயில் மாற்றியதிலிருந்து ஒரு நோட்டு போடுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், சமதளத்தில், ஒரே இடத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கைத் துடைத்து அளவை மில்லிமீட்டரில் குறியுங்கள். முதல் ஆயிரம், ஆயிரத்தைந்நூறில் கொஞ்சம் இறங்கி அப்புறம் நின்றுவிட்டால், இலேசான பங்கு பறந்திருக்கிறது, பட்டறைக்காரர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அப்போது மேலே சொன்ன சோதனையைச் செய்து, உங்கள் வண்டிக் கையேடு சொல்லும் அதே கிரேடில் குறைவாக இழக்கும் ஆயிலுக்கு மாறுங்கள். ஒவ்வொரு 500-க்கும் ஒரே அளவில் இறங்கிக்கொண்டே போனால் அது பெரும்பாலும் ரிங், வால்வ் சீல், டர்போ அல்லது கசிவு. எந்த ஆயில் ஊற்றினாலும் நிற்காது. 3,000 கிலோமீட்டர் ஓடியதும் அந்த ஆறு அளவுகளையும் எடுத்துக்கொண்டு, லோடு இல்லாத ஒரு நாள் வண்டியோடு கிருஷ்ணகிரிக்கு வாருங்கள் தம்பி. முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரின் அழுத்தம், பார்த்துவிடுவோம்.